பதினோராவது பதிவு

மூன்றாம் சுருள். மூங்கில் காடு.
வெள்ளைக் கச்சை கட்டியவள்
மரத்துக்கு மரம் தாவுகிறாள்.
தாவுவது அவள் இல்லை,
பொய்முடி வைத்த மீசைக்காரன் ஒருவன்.
மீசையை மழித்ததற்கு
ஐம்பது யுவான் கூடுதலாக வாங்கிக்கொண்டான்.
முகம் கோ பீ-யுன்னுடையது.
குரல் என்னுடையது.

ஒரு பெண் பழி தீர்க்க
மூன்று பேர் தேவைப்படுகிறோம்.

பெய்தோவில் ஒலிக்கூடம்.
சுவரெல்லாம் முட்டை அட்டை, பழைய பஞ்சு மெத்தை.
கூரை தகரம்; மழை வந்தால் வேலை நிற்கும்.
பீ-யுன்னுக்கு மாண்டரின் வராது.
தாய்நான் மீன்சந்தையில் வளர்ந்தவள்,
வசனம் வரவேண்டிய இடத்திலெல்லாம்
தன் பேச்சில் எண்களைச் சொல்லி வைத்திருக்கிறாள்:
ஜித், நெங், ஸா, ஸீ, கோ, லாக், ச்சித்.
கண்ணில் கொலைவெறி, உதட்டில் வாய்ப்பாடு.
நாலுக்கு உதடு விரியும். ஐந்துக்குக் குவியும்.
அந்த விரிவுக்கும் குவிவுக்கும் இடையே
என் சொற்களை நான் செருக வேண்டும்,
உறையில் வாள் இறங்குவதுபோல,
உரசாமல்.

'என் தந்தையைக் கொன்றவன் நீதான்.'
மாண்டரினில் ஏழு அசை. அவளிடம் ஏழு எண்.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து
இயக்குநர் துவான் கையைத் தாழ்த்திக் காட்டுகிறார்:
குறைத்துச் சொல். இன்னும் குறை.
பதினெட்டு வருஷம் காத்திருந்தவள் கத்தமாட்டாள்.

பதினெட்டு என்பது கதையில் வரும் கணக்கு.
அவருக்கு வேறெதுவும் தெரியாது.

எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் வாள் கொண்டுவரவில்லை.
நனைந்த காலணிகளை வாசலிலேயே கழற்றினார்கள்,
அவ்வளவு மரியாதை.
மாண்டரினில் ஏதோ சொன்னார்கள்.
கோட்டுக்கு நீட்டிய கையை
அப்பா மடக்கிக்கொண்டார்.
எனக்கு ஒன்பது வயது,
ஒரு சொல்லும் புரியவில்லை.
ஒலி மட்டும் காதில் தங்கிவிட்டது,
பல்லிடுக்கில் மீன்முள் போல.

அப்புறம் பள்ளியில் அந்த மொழியைக் கற்றேன்.
ஹக்கா பேசினால் கழுத்தில் பலகை தொங்கும்;
எனக்கு மூன்று முறைதான் தொங்கியது.
ஐந்தாம் வகுப்பில் ஒரு மத்தியானம்
பாடத்தில் 'மேற்சட்டை' என்ற சொல் வந்தது.
எழுந்து வெளியே போய் வாந்தியெடுத்தேன்.
கோட்டு வேண்டாம், உடனே திரும்பிவிடலாம்
என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

இன்று பெய்ஜிங்காரர்களே கேட்கிறார்கள்,
அங்கே எந்தத் தெரு உங்கள் வீடு என்று.
நாக்கைச் சாணை பிடித்து வைத்திருக்கிறேன்.
அதற்குத்தான் சம்பளம்.

பதினோராவது பதிவு.
திரையில் அமைச்சன் பின்வாங்குகிறான்
(நல்ல மனிதர், இடைவேளையில்
எனக்கு வேர்க்கடலை தருவார்).
சொன்னேன்.
மெதுவாக.
காலணியைக் கழற்றி வைக்கிற மரியாதையோடு.

சுருள் தீர்ந்து
அதன் வால் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.
யாரும் எழுந்து போய் நிறுத்தவில்லை.

படம் ஜூடொங் ஊருக்கு வந்தபோது
அம்மாவை அழைத்துப் போனேன்.
முதலில் தேசியகீதம். எல்லோரும் எழுந்தோம்.
அம்மாவும் எழுந்தாள்,
தர்ப்பூசணி விதைப் பொட்டலம்
சிந்தாமல் பிடித்துக்கொண்டு.
அவளுக்கு மாண்டரின் இன்னும் தெரியாது.
அந்த மொழியில் என் குரலும் தெரியாது.

மூங்கில் காடு வந்தது. வாள் எழுந்தது.
அரங்கம் மூச்சை அடக்கியது.
அம்மா என் பக்கம் சாய்ந்து
ஹக்காவில் கேட்டாள், கொஞ்சம் உரக்கவே:
'என்னடி சொல்கிறாள்?'

'எண்ணுகிறாள் அம்மா.'

ஒரு விதையைக் கடித்தாள்.
ஓட்டை உள்ளங்கையில் துப்பினாள்.
திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்:
'எது வரைக்கும்?'